அழுதுகொண்டே நடந்தவள்

பொறுமைக்கு உதாரணம் கேட்டால் நம்மவர்கள் உடனே பூமாதேவியைச் சொல்லி விடுவார்கள். பூமாதேவிக்கு என்ன! வெட்டினாலும் கொத்தினாலும் இருந்த இடத்திலேயே இருப்பாள். நான் சொல்லப் போகும் அம்மாள் அப்படி இருந்தவள் அல்ல. பெற்ற மகனை வீட்டுப் படி ஏறக்கூடாது என்றவள். மதகுரு ஒருவரிடம் போய், அவர் பொறுமை இழந்து எரிந்து விழும் வரையில் கெஞ்சியவள். மகன் கடல் கடந்து ஓடியபோது, கைம்பெண்ணான தானும் கடல் கடந்து பின்னாலேயே போனவள். வேடிக்கை என்னவென்றால், உலகம் 1600 வருஷங்களுக்கு மேலாகப் பொறுமைக்கும் விடாப் பிரார்த்தனைக்கும் அவளைத்தான் உதாரணமாகச் சொல்லிக் கொண்டிருக்கிறது.

அவள் பெயர் மோனிக்கா. கத்தோலிக்கர்கள் அர்ச். மோனிக்கம்மாள் என்று பக்தியுடன் சொல்வார்கள். நான் 'அவள்' என்று எழுதுவதற்காக யாரும் கோபித்துக் கொள்ள வேண்டாம். அம்மனையும் அம்மாவையும் நாம் அப்படித்தானே சொல்கிறோம்?

வட ஆப்பிரிக்காவில் தகாஸ்தே என்று ஒரு சின்ன ஊர். இப்போது அதற்கு சூக் அஹ்ராஸ் என்று பெயர். அல்ஜீரியா தேசத்தில் இருக்கிறது. அந்தப் பிரதேசம் ரோமாபுரிச் சக்கரவர்த்திகளின் ஆட்சியில் இருந்த காலத்தில், 331-ம் வருஷத்தை ஒட்டி மோனிக்கா பிறந்தாள். அவளைப் பற்றி நமக்குத் தெரிந்தது அநேகமாக எல்லாம் அவளுடைய மகன் எழுதி வைத்ததுதான். மகன் லேசுப்பட்டவர் அல்ல. கிறிஸ்தவ உலகின் மகா பண்டிதர்களில் ஒருவரான அகஸ்டின். அவர் 397-ம் வருஷத்துக்கும் 400-க்கும் இடையில் தம் வாழ்க்கையை 'ஒப்புதல்கள்' என்ற நூலாகக் கடவுளுக்கு எழுதிய நீண்ட கடிதம் போல எழுதினார். அதில் அம்மா வந்து கொண்டே இருக்கிறாள்.

இந்தக் கதை எங்கள் வீட்டுக்குள் வந்தது எதிர் வீட்டு டீச்சரம்மாள் மூலமாக. எங்கள் வீட்டில் முருகன் படத்துக்கு விளக்கேற்றித்தான் பழக்கம். ஆனாலும் மயிலாப்பூரில் எங்கள் தெருவில் குடியிருப்பவர்களுக்குக் கபாலீசுவரர் கோயில் மணியும் கேட்கும், சாந்தோம் மாதா கோயில் மணியும் கேட்கும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதைப் பொறுத்தது.

அப்போது என் தம்பி குடிக்க ஆரம்பித்திருந்தான். அம்மா யாரிடமும் வாய் திறக்கவில்லை. இருந்தாலும் தெருவுக்கே தெரிந்த விஷயம் எதிர் வீட்டுக்குத் தெரியாமல் போகுமா? ஒரு நாள் மத்தியானம் டீச்சரம்மாள் பழுப்பேறிய சிறு புத்தகம் ஒன்றைக் கொண்டு வந்தாள். "அக்கா, இது எங்க வேதத்துக் கதை. ஆனா அழுகைக்கு வேதம் ஏது? படிச்சுப் பாருங்க" என்று சொல்லிக் கொடுத்து விட்டுப் போனாள். அம்மா படித்தாள். அப்புறம் பதினெட்டு வருஷம் அந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை. டீச்சரம்மாளும் கேட்கவில்லை.

அம்மாவை முதலில் பிடித்துக் கொண்டது அதில் வருகிற குடிக் கதைதான். புனிதவதியின் சரித்திரத்தில் குடி எப்படி வந்தது என்று கேட்பீர்கள். மோனிக்கா கட்டுப்பாடான வீட்டில் வளர்ந்த பெண். அவளை வளர்த்த கிழத் தாதி, சாப்பாட்டு வேளை தவிர மற்ற வேளைகளில் தண்ணீர்கூடக் குடிக்க விடமாட்டாளாம். இன்றைக்குக் கண்ட வேளையில் தண்ணீர் குடித்துப் பழகினால், நாளைக்குக் கல்யாணமாகிச் சாவிக்கொத்து கைக்கு வந்ததும் தண்ணீர் இருந்த இடத்தில் திராட்சை ரசம் வந்து விடும் என்பது கிழவியின் சித்தாந்தம். கிழவி பயந்தது கல்யாணத்துக்கு முன்பே நடந்து விட்டது. பீப்பாயிலிருந்து ரசம் எடுத்து வரப் பெண்ணை அனுப்புவார்கள். அவள் விளையாட்டாக உதட்டை நனைத்துப் பார்த்தாள். மறுநாள் ஒரு வாய். அப்புறம் கிண்ணம் கிண்ணமாக! கூடப் போகும் வேலைக்காரப் பெண் ஒருத்திக்கு இது தெரியும். ஏதோ சச்சரவில் அவள், "போடி குடிகாரி" என்கிற அர்த்தத்தில் ஒரு சொல்லை வீசினாள். அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. மோனிக்கா அன்றோடு நிறுத்தி விட்டாள்.

"ஒரு வேலைக்காரப் பெண்ணு சொன்னது தைச்சிருக்கு பாரு" என்று அம்மா அடிக்கடி சொல்வாள். எங்கள் வீட்டிலும் தம்பியின் மேல் வீசாத வார்த்தை கிடையாது. அப்பா சொன்னார், மாமா சொன்னார், கல்யாணமாகி வந்த பெண்ணும் சொன்னாள். எதுவும் தைக்கவில்லை. எந்தச் சொல் எந்த வாயிலிருந்து எந்த நேரத்தில் வந்தால் ஒருவனுக்குள் இறங்கும் என்பது யாருக்குத் தெரியும்? அதனால்தானோ என்னவோ, அம்மா அவனிடம் சொல்வதைக் குறைத்துக் கொண்டு, முருகனிடம் சொல்வதை அதிகமாக்கினாள்.

மோனிக்காவை பத்ரீசியஸ் என்பவருக்குக் கல்யாணம் செய்து கொடுத்தார்கள். ஊர்ச் சபையில் அங்கத்தினர்; கொஞ்சம் நிலபுலன் உண்டு. கிறிஸ்தவர் அல்ல, பழைய தெய்வங்களை வணங்குகிறவர். நல்ல மனசு, ஆனால் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. வேறு பெண்களின் சகவாசமும் இருந்தது. மோனிக்கா அதைப் பற்றி ஒரு நாளும் ரகளை செய்ததில்லையாம். புருஷன் கத்தும்போது பேசாமல் இருந்து விட்டு, அவர் தணிந்த பிறகு சாவகாசமாக விஷயத்தை எடுத்துச் சொல்வாளாம். அந்த ஊரில், இவளுடைய புருஷனைவிடச் சாந்தமானவர்களுக்கு வாழ்க்கைப்பட்ட பெண்களின் முகத்தில்கூட அடிபட்ட தழும்பு இருக்கும். இவள் முகத்தில் ஒரு கீறல் கிடையாது. எப்படியம்மா என்று அந்தப் பெண்கள் கேட்டால், நாக்கை அடக்குங்கள், கல்யாணப் பத்திரம் வாசித்த அன்றைக்கே நாமெல்லாரும் அடிமைகளாகி விட்டோம் என்று பாதி விளையாட்டும் பாதி வினையுமாகச் சொல்வாளாம்.

இந்த ஒரு உபதேசத்தை என்னால் ஏற்றுக் கொள்ள முடியவில்லை. அடி வாங்காமல் தப்பித்தது அவளுடைய சாமர்த்தியம், சரி. ஆனால் அடி வாங்கியவளின் வாய்தான் குற்றவாளி என்றால், கை நீட்டியவனை என்னவென்று சொல்வது? மகாபுனிதவதியே சொல்லட்டுமே, இதை என் பெண்ணுக்கு நான் சொல்லித் தர மாட்டேன். அம்மாவும் இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டும்போது கொஞ்சம் வேகமாகத்தான் படிப்பாள்.

அவளுடைய மாமியார் விஷயம் வேறே. வேலைக்காரப் பெண்களின் கோள் மூட்டலால் ஆரம்பத்தில் மாமியாருக்கு மருமகளைக் கண்டாலே ஆகாது. மோனிக்கா பதிலுக்குக் கோள் சொல்லவில்லை. பணிவிடையை நிறுத்தவும் இல்லை. நாளடைவில் மாமியாரே மகனைக் கூப்பிட்டு, கோள் மூட்டியவர்கள் யார் யார் என்று சொல்லிக் கொடுத்தாளாம். இன்னொரு பழக்கமும் அவளிடம் இருந்தது. இரண்டு பேருக்குள் மனஸ்தாபம் என்றால் இரண்டு பேரும் அவளிடம் வந்து கொட்டுவார்கள். அவர்களைச் சமாதானப்படுத்தக் கூடியது எதுவோ அதை மாத்திரம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் கொண்டு போவாள். மீதியெல்லாம் அவள் காதோடு சரி. கேட்கச் சுலபமாக இருக்கிறதல்லவா? நாத்தனார், ஓரகத்தி என்று நாலு பேர் இருக்கிற குடும்பத்தில் ஒரே ஒரு வாரம் முயன்று பாருங்கள்.

பத்ரீசியஸ் தம் கடைசிக் காலத்தில் கிறிஸ்தவராகி, 371-ம் வருஷம் சுமாருக்கு இறந்து போனார். மோனிக்காவுக்கு அப்போது நாற்பது வயது. அவளுடைய பெரிய சோதனை அதற்கு அப்புறம்தான் ஆரம்பித்தது.

அகஸ்டின் 354-ம் வருஷம் நவம்பர் 13-ல் பிறந்தவர். அபார மூளை. பையன் பெரிய ஆளாக வேண்டுமென்று கஷ்டப்பட்டுப் பணம் சேர்த்து, கார்த்தேஜ் பட்டணத்துக்கு மேல்படிப்புக்கு அனுப்பினார்கள். பட்டணத்தில் பையன் ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்து கொள்ளாமலே குடித்தனம் வைத்தார். பத்தொன்பது வயதுக்குள் தகப்பனாராகியும் விட்டார். குழந்தைக்கு 'கடவுள் கொடுத்தவன்' என்று பொருள்படும் அதியோதாத்துஸ் என்ற பெயர். நம்மிடத்தில் தேவதத்தன் என்போமே, அதே பெயர்தான். அதோடு நிற்கவில்லை. மானி என்ற பாரசீகர் ஸ்தாபித்த மதத்தில் போய்ச் சேர்ந்தார். உலகம் ஒளிக்கும் இருளுக்கும் நடக்கும் யுத்தம் என்று சொல்கிற மதம் அது. வீட்டுக்கு வந்து, அம்மாவின் நம்பிக்கையெல்லாம் கிழவிகளின் கதை என்கிற தோரணையில் பேசினார். ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட முடியாது, இந்த வீட்டில் உனக்கு இடமில்லை என்று மோனிக்கா சொன்னது அப்போதுதான்.

அந்தச் சமயத்தில் அவளுக்கு ஒரு கனவு வந்தது. ஒரு மரப் பலகையின் மேல் நின்று அழுது கொண்டிருக்கிறாள். ஒளி வீசும் முகத்தோடு ஒரு வாலிபன் வந்து, ஏன் அழுகிறாய் என்று கேட்டு, நன்றாகப் பார் என்கிறான். பார்த்தால், அதே பலகையில் அவள் பக்கத்தில் மகனும் நிற்கிறான். காலையில் மகனிடம் சொன்னாள். மகன் பேச்சை விற்றுப் பிழைக்கிற வாத்தியார் அல்லவா? அப்படியென்றால் ஒரு நாள் நீ என் மதத்துக்கு வந்து விடுவாய் என்று அர்த்தம் என்று மடக்கினார். அவள் ஒரு கண நேரம்கூட யோசிக்கவில்லை. அவன் இருக்கும் இடத்தில் நான் நிற்பதாகக் காட்டவில்லை, நான் இருக்கும் இடத்தில்தான் அவன் நின்றான் என்று சொல்லி விட்டாள். கனவைக் காட்டிலும் அந்தத் தட்டுத் தடங்கலற்ற பதில்தான் தம்மை உலுக்கியது என்று அகஸ்டின் பிற்காலத்தில் எழுதுகிறார். மகனை மறுபடியும் வீட்டில் சேர்த்துக் கொண்டாள்.

அவள் பிடித்த அடுத்த ஆள் ஒரு பிஷப். இந்தப் பிள்ளையோடு நீங்கள் வாதாடிப் புத்தி சொல்ல வேண்டும் என்று கேட்டாள். அவரோ சின்ன வயதில் தாமே அந்த மானி மதத்தில் வளர்ந்து, அதன் புத்தகங்களைப் பிரதி எடுத்தவர்; படித்துப் படித்தே அது தவறு என்று கண்டு வெளியே வந்தவர். அதனால் வாதாட மறுத்தார். பையன் இப்போது எதையும் கேட்கும் நிலையில் இல்லை, அவனை விட்டு விடு, அவனுக்காகப் பிரார்த்தனை மட்டும் செய் என்றார். மோனிக்கா விடவில்லை. கண்ணீர் விட்டுக் கொண்டு இன்னும் இன்னும் கேட்டாள். கடைசியில் அவர் எரிச்சலோடு, போய் வா அம்மா, இத்தனை கண்ணீருக்கு உரிய பிள்ளை அழிந்தா போவான் என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொல்லி அனுப்பி விட்டார். எரிச்சலில் வந்த வார்த்தைதான். நம் வீட்டில் பல்லி சொன்னால் எடுத்துக் கொள்கிறோமே, அந்த மாதிரி அவள் அதை ஆகாசத்திலிருந்து வந்த வாக்காக எடுத்துக் கொண்டாள். அப்புறம் வருஷக் கணக்காக அந்த ஒரு வாக்கைப் பிடித்துக் கொண்டே நடந்தாள்.

இங்கே ஒரு கணக்கு. அவள் பதினேழு வருஷம் பிரார்த்தித்தாள் என்று புத்தகங்களில் சொல்வது வழக்கம். மகன் மானி மதத்தில் சேர்ந்தது 373-ம் வருஷத்தில், திரும்பியது 386-ல். அப்படிப் பார்த்தால் பதின்மூன்று வருஷம்தான் ஆகிறது. ஆனால் பிள்ளையைப் பற்றிய கவலை பிள்ளை மதம் மாறிய தேதியிலா தாயாருக்கு ஆரம்பிக்கும்? பதினேழு என்பவர்கள் சொல்லி விட்டுப் போகட்டும்.

383-ம் வருஷத்தில் நடந்ததுதான் எல்லாவற்றிலும் கொடுமை. அகஸ்டின் ரோமாபுரிக்குப் போகத் தீர்மானித்தார். அம்மா துறைமுகம் வரையில் வந்து, ஒன்று நீ என்னோடு திரும்பி வா, இல்லையென்றால் என்னையும் அழைத்துப் போ என்று பிடித்துக் கொண்டாள். மகன் ஒரு பொய் சொன்னார். தம் சிநேகிதன் கப்பலேறப் போவதாகவும், காற்று திரும்பும் வரையில் அவனுக்குத் துணையாக இருக்கப் போவதாகவும் சொல்லி, அதுவரையில் பக்கத்திலிருந்த அர்ச். சிப்ரியன் கோயிலில் தங்கியிரு என்று அம்மாவை அனுப்பி வைத்தார். இரவெல்லாம் அவள் அந்தக் கோயிலில், மகன் போகக் கூடாது என்று பிரார்த்தனை செய்து கொண்டிருந்தாள். காற்று திரும்பிற்று. கப்பல் போய் விட்டது. விடிந்ததும் கடற்கரையில் அவள் பித்துப் பிடித்தவள் போல அழுதாள்.

இந்த இடத்தில் அகஸ்டின் எழுதியிருப்பது எனக்கு எப்போதும் யோசனையைக் கொடுக்கும். அந்த இரவு அம்மா கேட்டதைக் கடவுள் கொடுக்கவில்லை. அவள் அத்தனை வருஷமாகக் கேட்டு வந்ததைக் கொடுப்பதற்காகவே அந்த இரவு கேட்டதை மறுத்தார் என்கிறார். அந்தக் கப்பலில் போனதால்தானே அவர் மிலான் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தார், அங்கேதானே அவருக்கு வழி பிறந்தது! வாஸ்தவம்தான். ஆனால் இது கப்பலில் போனவருக்குப் பிற்காலத்தில் தெரிந்த உண்மை. கரையில் நின்றவளுக்கு அன்றைக்குத் தெரிந்தது காலியான கடல் மட்டும். அவள் வீட்டுக்குத் திரும்பினாள். முன்போலவே காலையும் மாலையும் கோயிலுக்குப் போனாள், அதே வேண்டுதலைச் செய்தாள். அவளைப் புனிதவதி ஆக்கியது மிலானில் நடந்ததல்ல, அந்தத் திரும்பி நடந்த நடைதான் என்று எனக்குத் தோன்றும்.

385-ல் அவளே கடல் கடந்தாள். நடுக் கடலில் புயல். வழக்கமாக மாலுமிகள்தான் பிரயாணிகளுக்குத் தைரியம் சொல்வார்கள். இங்கே இவள் மாலுமிகளுக்குச் சொன்னாளாம். மிலானில் மகனைக் கண்டுபிடித்தாள். இப்போது மானி மதத்தில் இல்லை என்று மகன் சொன்னதும் அவள் துள்ளிக் குதிக்கவில்லை. பாதிக் கிணறு தாண்டியிருக்கிறான் என்று தெரியும். கண்ணை மூடுவதற்குள் முழுக் கிறிஸ்தவனாக உன்னைப் பார்ப்பேன் என்று நிதானமாகச் சொன்னாள்.

மிலானில் அவளுக்கே ஒரு பாடம் காத்திருந்தது. ஆப்பிரிக்காவில், வேதசாட்சிகளின் சமாதிகளுக்குக் கஞ்சி, ரொட்டி, கொஞ்சம் ரசம் எடுத்துப் போய்ப் படைத்துப் பகிர்ந்து கொள்வது வழக்கம். நம் வீட்டுப் படையல் போலத்தான். மிலானிலும் கூடையோடு போனாள். வாசல் காவற்காரன் தடுத்தான். பிஷப் அம்புரோஸ் இதை நிறுத்தி விட்டார் என்றான். சமாதியைச் சாக்காக வைத்துக் குடிக்கிறவர்கள் பெருகி விட்டதால் வந்த உத்தரவு. மோனிக்கா முணுமுணுக்காமல் திரும்பி, கூடையிலிருந்ததை ஏழைகளுக்குக் கொடுத்து விட்டாள். அம்புரோஸைத் தவிர வேறு யாராவது தடுத்திருந்தால் அம்மா இவ்வளவு சுலபமாக விட்டிருப்பாளா என்பது சந்தேகம் என்று மகன் குறும்பாக எழுதுகிறார். அந்த அம்புரோஸோ, அகஸ்டினைப் பார்க்கும்போதெல்லாம், உமக்கு வாய்த்த தாயார் வேறு யாருக்கு வாய்க்கும் என்று சொல்வாராம்.

கதையில் எனக்கு மிகவும் சங்கடமான பகுதி அடுத்தது. மகனுக்கு ஒழுங்காக ஒரு கல்யாணம் செய்து வைக்க வேண்டுமென்று மோனிக்கா மும்முரமாக இறங்கினாள். நல்ல இடமாகப் பார்த்து நிச்சயமும் ஆயிற்று. பெண் கல்யாண வயதுக்கு வர இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. ரோமானியச் சட்டத்தில் பெண்ணுக்குக் கல்யாண வயது பன்னிரண்டு. கணக்குப் பார்த்துக் கொள்ளுங்கள். இந்தக் கல்யாணத்துக்கு இடைஞ்சல் என்று, பதினைந்து வருஷம் போலக் கூட வாழ்ந்தவளை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பி விட்டார்கள். இனி வேறு புருஷனைத் தொட மாட்டேன் என்று கடவுளுக்கு வாக்குக் கொடுத்து விட்டு, மகனை இங்கே விட்டு விட்டு அவள் போனாள். அவள் பெயர் என்ன என்று அகஸ்டின் எழுதவில்லை. கடலைப் பார்த்துக் கொண்டு அவளும் அழுதிருப்பாள், பிரார்த்தித்திருப்பாள். அதற்குச் சரித்திரம் இல்லை. கல்யாணமும் நடக்கவில்லை. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தக் கல்யாணத்தைப் பற்றித் தனக்கு ஒரு தெய்வக் காட்சி கிடைக்க வேண்டுமென்று மோனிக்கா இராப்பகலாக வேண்டினாள். கிடைக்கவில்லை. ஏதேதோ குழப்பமான கனவுகள் வந்தன. அவற்றைச் சாமி சொன்னதாக அவள் சொல்லவில்லை. இது என் மனசின் பிரமை, அது வேறு மாதிரி இருக்கும் என்று மகனிடமே சொல்லி விட்டாள். தனக்கு வேண்டிய பதிலைத் தானே எழுதிக் கொண்டு தெய்வத்தின் கையெழுத்தைப் போட்டுக் கொள்ளாமல் இருந்தாளே, அது பெரிய விஷயம்.

386-ம் வருஷம் ஆகஸ்டில், மிலானில் ஒரு தோட்டத்தில் அகஸ்டினின் மனம் திரும்பியது. உலகப் பிரசித்தமான சம்பவம். எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு முக்கியம், அவர் எழுந்து உள்ளே போய் முதலில் அம்மாவிடம் சொன்னார் என்பதுதான். மறு வருஷம் ஈஸ்டரில் அம்புரோஸின் கையால் அவரும் மகன் அதியோதாத்துஸும் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

அதற்கு முன்பு சில மாதங்கள், நகரத்துக்கு வெளியே ஒரு சிநேகிதரின் கிராமத்து வீட்டில் எல்லாரும் தங்கியிருந்தார்கள். அகஸ்டினும் மாணாக்கர்களும் தத்துவ விசாரம் செய்வார்கள். பேசுவதை எழுதிக் கொள்ள ஒருவர் இருப்பார். மோனிக்கா வீட்டைப் பார்த்துக் கொள்ள வந்தவள். ஒரு நாள் உள்ளே வந்து, விவாதம் எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்டாள். அம்மா வந்ததையும் கேட்டதையும் எழுதிக் கொள் என்றார் மகன். அவளுக்கு வெட்கமாகப் போயிற்று. இது என்ன கூத்து, நீங்கள் படிக்கிற புத்தகங்களில் எங்கேயாவது பொம்பிளைகள் பேசியதாக வந்திருக்கிறதா என்று கேட்டாளாம். அதுவும் எழுதப்பட்டு, இன்றைக்கும் புத்தகத்தில் இருக்கிறது!

387-ல் ஊருக்குத் திரும்பப் புறப்பட்டு, ரோமாபுரிக்குப் பக்கத்திலுள்ள ஆஸ்டியா துறைமுகத்தில் கப்பலுக்காகக் காத்திருந்தார்கள். ஒரு நாள் தாயும் பிள்ளையும், உள் தோட்டத்தைப் பார்த்த ஜன்னலில் சாய்ந்து கொண்டு தனியாகப் பேசினார்கள். சுவர்க்கத்தில் வாழ்வு எப்படி இருக்கும் என்று ஆரம்பித்த பேச்சு, பேச்சே நின்று போகும் இடம் வரையில் போய் விட்டதாம். ஒரு காலத்தில் ஒரே மேஜையில் சாப்பிட முடியாமலிருந்த இரண்டு பேர் இவர்கள். இனி எனக்கு இங்கே என்ன வேலை என்று அவள் அன்றைக்குச் சொன்னாள். ஐந்தாறு நாளில் ஜுரம் கண்டது. ஒன்பதாம் நாள் போய் விட்டாள். அவளுக்கு 56-வது வயது நடந்து கொண்டிருந்தது. மகனுக்கு 33-வது.

புருஷன் பக்கத்தில் தன்னைப் புதைக்க வேண்டுமென்று ஊரில் இடமெல்லாம் தயார் செய்து வைத்திருந்தவள் அவள். கடைசியில், எங்கே வேண்டுமானாலும் போட்டு விடுங்கள், கோயில் பீடத்தில் மாத்திரம் என்னை நினைத்துக் கொள்ளுங்கள் என்று சொல்லி விட்டாள். அடக்கம் முடியும் வரையில் அகஸ்டின் அழவில்லை. கவலை தீருமென்று ஸ்நானம் செய்து பார்த்தார். தீரவில்லை. தூங்கி எழுந்த பிறகு தனியாக அழுதார்.

ஆஸ்டியாவில் 1945-ம் வருஷம், மாதா கோயில் ஒன்றின் பக்கத்தில் விளையாட்டுக்காகக் கம்பம் நடக் குழி தோண்டிய இரண்டு சிறுவர்களின் கையில் ஒரு சலவைக்கல் துண்டு அகப்பட்டது. அது அவளுடைய சமாதிக் கல். உடலை 1430-லேயே ரோமாபுரிக்குக் கொண்டு போயிருந்தார்கள். அங்கே மகன் பெயரிலுள்ள கோயிலில் இருக்கிறது. அவளுடைய திருநாள் முன்பு மே 4-ல் இருந்தது. 1969-ல் நாட்காட்டியைத் திருத்தியபோது, மகனின் திருநாளான ஆகஸ்ட் 28-க்கு முந்திய நாளுக்கு மாற்றினார்கள். ஆகஸ்ட் 27-ந் தேதி டீச்சரம்மாள் சாந்தோமுக்குப் போய் விட்டு வரும்போது, எங்கள் அம்மாவுக்கும் சேர்த்து ஒரு மெழுகுவத்தி கொளுத்தியதாகச் சொல்வாள்.

ஒரு வருஷம் அம்மா கேட்டாள்: "டீச்சர், அந்த அம்மாளுக்குப் பலிச்சுது. பலிக்காமலே போனவங்க எத்தனை பேர் இருப்பாங்க?"

டீச்சரம்மாள் கொஞ்ச நேரம் பேசவில்லை. "நிறையப் பேர் இருப்பாங்க அக்கா. அவங்க பிள்ளைகள் புத்தகம் எழுதலை" என்றாள்.

அம்மா சிரித்து விட்டாள். அந்தச் சிரிப்புக்கு அப்புறம் அவளுடைய வேண்டுதலில் ஒரு மாறுதல் வந்ததை நான் கவனித்தேன். அதுவரையில் முருகனிடம், அவன் குடியை விட வேண்டும், இன்ன தேதிக்குள் விட வேண்டும் என்று பேரம் பேசுவாள்; அபிஷேகம், காவடி என்று சன்மானமும் சொல்வாள். பிறகு பேரம் நின்று விட்டது. 'அவன் பசியோடு படுக்கக் கூடாது. தெருவில் விழக் கூடாது. வீட்டுக்கு வழி மறக்கக் கூடாது' என்று மூன்றே கேட்பாள். இரவு எந்நேரமானாலும் அவனுடைய சாப்பாட்டை மூடி வைத்து விட்டுத்தான் படுப்பாள். அவன் பெண்டாட்டி கோபித்துக் கொண்டு பிறந்த வீட்டுக்குப் போனபோது, நீ போனது சரிதான் என்று அம்மாவே சொல்லி, மாதா மாதம் பணமும் அனுப்பினாள். மோனிக்காவிடம் அவள் கற்றுக் கொண்டது கற்றுக் கொண்டதுதான். அதற்காக மருமகளிடம் நாக்கை அடக்கச் சொல்லவில்லை.

அம்மா போய்ப் பத்து வருஷமாகிறது. அவள் பார்க்க ஆசைப்பட்டதைப் பார்க்காமலேதான் போனாள். தம்பி அப்புறம் இரண்டு வருஷம் தொடாமல் இருந்தான், மறுபடி தொட்டான், மறுபடி விட்டான். இப்போதும் சில மாதங்கள் நன்றாக இருப்பான், சில மாதங்கள் இருக்க மாட்டான். புத்தகம் என்னிடம் வந்து விட்டது. மூன்று வேண்டுதலும் அதோடு சேர்ந்து வந்து விட்டன.

அந்த 'ஒப்புதல்கள்' நூலில் ஒரு விசேஷம். அவ்வளவு பெரிய நூலில் அம்மா, அம்மா என்று எத்தனையோ இடத்தில் எழுதும் அகஸ்டின், மோனிக்கா என்ற பெயரை ஒரே ஒரு இடத்தில்தான் எழுதுகிறார். இதைப் படிக்கிறவர்கள் என் தாயாரையும், அவளுடைய புருஷராயிருந்த பத்ரீசியஸையும் உங்கள் பிரார்த்தனையில் நினைத்துக் கொள்ளுங்கள் என்று கேட்கிற இடம் அது.

போன மாசியில் அம்மாவின் திதி வந்தது. தம்பி விடியற்காலையிலேயே வந்து விட்டான். குளித்து விட்டு ஈர வேஷ்டியோடு உட்கார்ந்தான். கை நடுங்கியது, எள்ளும் தண்ணீரும் இரண்டு தடவை கீழே சிந்தின. ஐயர் கேட்டபோது அம்மாவின் பெயரை உரக்கச் சொன்னான். சாப்பிட்டு, கொஞ்ச நேரம் திண்ணையில் படுத்திருந்தான். சாயங்காலம் புறப்படும்போது, "அடுத்த வருஷமும் நான்தான் செய்வேன், அக்கா. வேற யாரையும் வச்சுச் செய்யாதே" என்றான்.

சரி என்றேன்.